பைய யாரு பாத்துக்குவா?

போன மாசம் தனியா வெளிநாடு போயிட்டு வந்தேன். திரும்பி வர்ற வழியில நடுவுல ஒரு ஏர்போர்ட்ல 14 மணி நேரம் 20 நிமிஷம் வெயிட்டிங். ராத்திரி 9:40க்கு இறங்கினேன், அடுத்த ஃப்ளைட் மறுநாள் மதியம் 12 மணிக்கு. தெரிஞ்சவங்க எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், "அவ்ளோ நேரம் என்ன பண்ணுவ, போர் அடிக்குமே"ன்னு. போர் அடிக்கவே இல்லங்க. போர் அடிக்கணும்னா மனசு சும்மா இருக்கணும். தனியா வர்றவங்களுக்கு அந்த 14 மணி நேரமும் மனசு சும்மாவே இருக்காது, பாதி பை மேல இருக்கும், மீதி கடிகாரத்து மேல இருக்கும்.

ரெண்டு பேரா போறப்ப இது தோணவே தோணாது. ஒருத்தர் பாத்ரூம் போனா இன்னொருத்தர் பை பக்கத்துல உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் கண்ண மூடினா இன்னொருத்தர் போர்ட பாத்துட்டு இருப்பாங்க, இதெல்லாம் பேசி வச்சுக்கறது கூட கிடையாது, தானா நடக்கும். பைய பாத்துக்கறது, நேரத்துக்கு எழுப்பி விடுறது, இத யாரும் ஒரு வேலையா கூட நினைக்க மாட்டாங்க. கூட ஆள் இல்லாதப்பதான் இந்த ரெண்டும் எவ்ளோ பெரிய விஷயம்னு புரியுது. லாங் லேஓவர்னு தேடினா எந்த லவுஞ்ச் நல்லா இருக்கும் எந்த கடையில என்ன வாங்கலாம்னுதான் வருது, நான் பாத்த வரைக்கும் இந்த ரெண்டப் பத்தி யாரும் விவரமா சொல்லல, அதனால நான் எப்படி சமாளிச்சேன்னு எழுதிடறேன்.

இறங்கின உடனே நான் செஞ்சது டிரான்சிட் கவுன்ட்டருக்குப் போய் ரெண்டு விஷயம் உறுதி பண்ணிக்கிட்டது. அடுத்த ஃப்ளைட்டுக்கு போர்டிங் பாஸ் கையில இருக்கா, செக்-இன் பண்ண பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுதா. பெட்டிக்கு ஒட்டுறப்ப நம்ம கிட்ட குடுக்கற சின்ன ஸ்டிக்கர்ல மூணு எழுத்து கோடு இருக்கும், சிங்கப்பூர்னா எஸ்ஐஎன், தோஹான்னா டிஓஹெச், அந்த மாதிரி. அதுல நம்ம கடைசி ஊரோட கோடு இருந்தா நிம்மதி, நடு ஊர் கோடு இருந்தா அங்க இறங்கி பெட்டிய எடுத்து மறுபடி போடணும். அத மொதல் ஏர்போர்ட்லயே பாத்திருக்கணும், ஆனா அந்த அவசரத்துல யாரு பாக்கறா.

இதுல நான் இவ்ளோ பயப்படுறதுக்கு காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி காசு மிச்சம் ஆகுதேன்னு ரெண்டு தனித்தனி டிக்கெட்டா வாங்கிட்டேன். மொத ஃப்ளைட் மூணு மணி நேரம் லேட், நான் ஓடிப் போய் நிக்கறப்ப ரெண்டாவது ஃப்ளைட் கவுன்ட்டர் மூடியாச்சு. ஒரே டிக்கெட்டா இருந்தா அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு, தனித்தனியா வாங்கினா மொத கம்பெனி லேட் ஆனதுக்கும் ரெண்டாவது கம்பெனிக்கும் சம்பந்தமே இல்ல, நீங்க வரலன்னு எழுதி முடிச்சிடுவாங்க. அன்னைக்கு அந்த கவுன்ட்டர் முன்னாடி நின்னு அழுதது இன்னும் ஞாபகம் இருக்கு. தனியா போறவங்க தயவு செஞ்சு ஒரே டிக்கெட்டா வாங்குங்க, கொஞ்சம் அதிகமா ஆனாலும் பரவால்ல. விசா விஷயமும் இதோட ஒட்டினதுதான். அமெரிக்காவுல பொதுவா டிரான்சிட்டுக்குன்னு தனி ஏரியாவே கிடையாது, வேற நாட்டுக்கு ஃப்ளைட் மாறுறதா இருந்தா கூட இமிக்ரேஷன் வழியா உள்ள போய்தான் வரணும். ஐரோப்பாவுல ஒரே விசா செல்லுற ஷெங்கன் நாடுகள்ல ரெண்டு ஏர்போர்ட் மாறினா மொத ஏர்போர்ட்லயே அந்த நாட்டுக்குள்ள நுழைஞ்ச கணக்கு. புக் பண்றதுக்கு முன்னாடியே இத பாத்துக்கணும்.

வெளிய போய் ஊர் சுத்தலாமான்னு கேப்பீங்க. பகல்ல 8 மணி நேரத்துக்கு மேல இருந்து, விசாவும் பிரச்சனை இல்லன்னா கண்டிப்பா போகலாம். சிங்கப்பூர் சாங்கில டிரான்சிட் பயணிகளுக்குன்னே இலவச டூர் வச்சிருக்காங்க, தென்கொரியாவுல இஞ்சான் ஏர்போர்ட்லயும் இருக்கு. சாங்கியில எல்லாரும் போட்டோ போடுற அந்த 40 மீட்டர் நீர்வீழ்ச்சி 2019ல திறந்த ஜுவல் கட்டடத்துல இருக்கு, ஆனா அது இமிக்ரேஷனுக்கு வெளிய, உள்ளயே இருந்துட்டு பக்கத்துல போய் நிக்க முடியாது, இது தெரியாம ஆசையா போய் ஏமாந்தவங்கள எனக்குத் தெரியும். எனக்கு கிடைச்சது ராத்திரி. ராத்திரியில தெரியாத ஊருக்குள்ள தனியா இறங்கி சுத்துற ஆள் நான் இல்ல, அதனால உள்ளயே இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

இப்ப பைக்கு வர்றேன். ஏர்போர்ட்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ சொல்லிட்டே இருப்பாங்க, சாமான விட்டுட்டுப் போகாதீங்க, தெரியாதவங்க குடுக்கறத வாங்காதீங்கன்னு. சும்மா சடங்குக்கு சொல்றது இல்ல அது. ஆள் இல்லாம ஒரு பை இருந்தா செக்யூரிட்டி வந்துருவாங்க, சமயத்துல அந்த இடத்தையே காலி பண்ண வச்சிடுவாங்க. அதனால "கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு பக்கத்து சீட்டுக்காரங்க கிட்ட விட்டுட்டு போறதும் தப்பு, யாராவது கேட்டா சரின்னு வாங்கி வச்சுக்கறதும் தப்பு. பை வச்சிட்டு போற லாக்கர் இருக்கேன்னா அது நிறைய ஏர்போர்ட்ல இமிக்ரேஷனுக்கு வெளியதான் இருக்கு. ஆக பை நம்ம கூடவேதான், எங்க போனாலும். இதுல நான் கத்துக்கிட்டது, தனியா போறப்ப சக்கரம் வச்ச பெட்டிய கேபினுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது. பாத்ரூம் கதவுக்குள்ள அது நுழையாது, நுழைஞ்சாலும் நமக்கு நிக்க இடம் இருக்காது. முதுகுல மாட்டுற பை ஒண்ணே ஒண்ணு, கதவுக்கு பின்னாடி கொக்கி இருந்தா அதுல தொங்கும், கொக்கி இல்லன்னா முன்பக்கமா நெஞ்சுல மாட்டிக்கலாம். பாஸ்போர்ட் மட்டும் பையில கிடையாது, உள்பக்க பாக்கெட்ல உடம்போட ஒட்டி. பை போனா வருத்தம், பாஸ்போர்ட் போனா அந்த ஏர்போர்ட்ட விட்டே நகர முடியாது.

தூங்கற இடம் தேடறதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. பாதி சீட்டுல நடுவுல கைப்பிடி வச்சிருக்காங்க, யாரும் படுத்துறக் கூடாதுன்னே வச்ச மாதிரி. நிறைய பேரு ஆள் நடமாட்டம் இல்லாத மூலையா பாத்து படுக்கறாங்க, எனக்கு அது சரியா படல. தனியா இருக்கறப்ப நல்ல இடம்னா அது நாலு பேர் கண்ணு படுற இடம்தான். ராத்திரி முழுக்க ஆள் இருக்கற ஒரு கவுன்ட்டருக்கு எதிர்ல, குழந்தைங்களோட வந்த ஒரு குடும்பம் பக்கத்துல இடம் புடிச்சேன். குழந்தை அழும்தான், ஆனா அழுதா அவங்க வீட்டு பெரியவங்க முழிச்சிருப்பாங்க இல்ல, அந்த தைரியம்தான். பைய தலைக்கு வச்சு, ஜிப் இருக்கற பக்கத்த கீழ திருப்பி, வார கையில ஒரு சுத்து சுத்திக்கிட்டேன்.

எழுப்பறதுக்கு போன் அலாரம் வைக்காதீங்க, டைமர் வைங்க. அலாரம்னா போன் எந்த ஊர் நேரம்னு நினைச்சுட்டு இருக்கோ அந்த நேரத்துக்கு அடிக்கும், ஃப்ளைட் மோட்ல இருந்து எடுத்தீங்களா, தானா நேரம் மாத்திக்கிச்சா, இல்ல இன்னும் பழைய ஊர்லயே இருக்கா, தூக்கக் கலக்கத்துல இத எல்லாம் யோசிக்க முடியாது. டைமருக்கு ஊரும் தெரியாது நேரமும் தெரியாது, 90 நிமிஷம்னா 90 நிமிஷம். அந்த 90க்கும் ஒரு கணக்கு இருக்கு, நம்ம தூக்கம் சராசரியா ஒரு சுத்துக்கு அவ்ளோ நேரம் எடுத்துக்கும், அந்த சுத்து முடியற நேரத்துல எழுந்தா தலை பாரம் கொஞ்சம் கம்மியா இருக்கும். போன வைப்ரேஷன்ல வச்சு கன்னத்துக்கு அடியில வச்சுக்கிட்டேன். அறிவிப்பு வரும் எழுந்துக்கலாம்னு நம்பவே கூடாது, இப்பல்லாம் நிறைய ஏர்போர்ட்ல சத்தம் வேணாம்னு போர்டிங் கால எல்லா இடத்துலயும் சொல்றதில்ல, அந்த கேட்ல மட்டும்தான் சொல்றாங்க. நம்ம பேர சொல்லி கூப்பிடுவாங்கன்னு காத்திருந்தா ஃப்ளைட் போயிடும்.

போன் செத்துப் போச்சுன்னா இந்த ஏற்பாடு எல்லாம் போச்சு, அதனால பவர் பேங்க் அவசியம். அத செக்-இன் பெட்டியில போடக் கூடாது, கையில எடுத்துட்டுப் போற பையிலதான் வைக்கணும், பொதுவா 100 வாட்-ஹவர் வரைக்கும் தனியா கேக்காமலே விடுவாங்க, அதாவது சுமாரா 27,000 எம்ஏஹெச். வைஃபைக்கு ஓடிபி வரணும்னா ரோமிங் இருக்கணும், இல்லன்னா அங்க பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணி கோடு குடுக்கற மெஷின் இருக்கான்னு தேடுங்க. நான் இறங்கறதுக்கு முன்னாடியே அம்மாவுக்கு மெசேஜ் டைப் பண்ணி வச்சிருந்தேன், கனெக்ட் ஆன உடனே அது தானா போயிடுச்சு.

மூணரை மணிக்கு முழிப்பு வந்துருச்சு, டைமர் அடிக்கல, குளிர்ல. ஏசிய கூட்டிட்டாங்கன்னு நினைச்சேன். அது ஏசி மட்டும் இல்ல, நம்ம வழக்கமா எழுந்துக்கற நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி உடம்போட உள்சூடு ஒரு நாள்லயே ரொம்பக் கம்மியா இருக்கும். அதுவும் கிளம்பின ஊர் நேரப்படி, ஏர்போர்ட் கடிகாரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. அதனால எந்த ஊர் வெயில் காலமா இருந்தாலும் ஒரு மொத்தமான சால்வையோ ஸ்வெட்டரோ கையில இருக்கணும், பெட்டியில போட்டு அனுப்பிடாதீங்க.

அந்த நேரத்துல ஏர்போர்ட் வேற மாதிரி இருக்கு. தரை தொடைக்கிற மெஷின் சத்தம் மட்டும், எங்க பாத்தாலும் வெளிச்சம், எல்லாரும் பைய கட்டிப் புடிச்சு படுத்திருக்காங்க. எனக்கு அப்ப அந்த ஈரான்காரர் மெஹ்ரான் கரிமி நசேரி ஞாபகம் வந்துச்சு. செல்லுபடியாகற பேப்பர் கையில இல்லாம 1988ல இருந்து 2006 வரைக்கும் பாரிஸ் சார்ல் தெ கோல் ஏர்போர்ட் டெர்மினல் ஒண்ணுல இருந்தவர். அவரோட போட்டோ எதப் பாத்தாலும் ஒரு சிவப்பு பெஞ்ச் இருக்கும், சுத்தி அட்டைப் பெட்டி, டிராலி, பை. 18 வருஷம் அந்த சாமான பக்கத்துலயே வச்சுக்கிட்டு ஒரு மனுஷன். வெளிய வந்து பல வருஷம் கழிச்சு மறுபடி அதே ஏர்போர்ட்டுக்குத் திரும்பி வந்து 2022 நவம்பர்ல அங்கயே இறந்து போனார். முன்னாடி படிச்சப்ப ஏதோ விசித்திரமான கதைன்னு தோணுச்சு. அன்னைக்கு மூணரை மணிக்கு, வார கையில சுத்திக்கிட்டு படுத்திருந்தப்ப, அவரு ஒரு ராத்திரியாவது முழுசா தூங்கியிருப்பாரான்னுதான் நெஞ்ச அடைச்சுது.

நாலரை இருக்கும், எதிர் வரிசையில ஒரு வயசான அம்மா. 70 வயசாவது இருக்கும். மடியில ஒரு பை, காலுக்கு கீழ ரெண்டு பை. பாத்ரூம் போர்ட பாக்கறாங்க, பைய பாக்கறாங்க, திரும்பி என்ன பாக்கறாங்க. அந்தப் பார்வை எனக்கு நல்லா தெரியும், ரெண்டு மணி நேரம் முன்னாடி நானும் அதே மாதிரி பாத்துட்டுதான் இருந்தேன். கடைசியில கைய காட்டி பைய காட்டி கேட்டாங்க, பாத்துக்கறியான்னு. அவங்க பேசின மொழி எனக்கு ஒரு எழுத்து தெரியாது, ஆனா புரிஞ்சுது. என்ன பண்றதுன்னு தெரியல. முடியாதுன்னு சொல்ல மனசு வரல, சரின்னு சொன்னா அது தப்பு, அந்த பையில என்ன இருக்குன்னு எனக்கு எப்படி தெரியும், அவங்க திரும்பி வர லேட் ஆச்சுன்னா? ஒரு நிமிஷம் அப்படியே நின்னேன். அப்புறம் போய் ஒரு டிராலி தள்ளிட்டு வந்தேன், பைய எல்லாம் அவங்களே அதுல வச்சாங்க, பாத்ரூம் வாசல் வரைக்கும் கூடவே போனேன், டிராலி கதவ தாண்டி உள்ள கழுவற இடம் வரைக்கும் போச்சு, அவங்க கண்ணு படுற தூரத்துல டிராலி, டிராலிக்கு எதிர்ல நான். நான் பைய தொடவே இல்ல. சும்மா நின்னேன், அவ்ளோதான். வெளிய வந்தவங்க என் கைய புடிச்சு ரெண்டு தடவ தட்டிக் குடுத்தாங்க.

திரும்பி வந்து என் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. போர்டிங் பாஸ எடுத்து காட்டினாங்க, 6:50க்கு ஃப்ளைட், கேட் 6:30க்கே மூடிடும்னு அதுலயே போட்டிருந்துச்சு. போன்ல மணிய காட்டி, நீங்க தூங்குங்க அஞ்சே முக்காலுக்கு எழுப்பறேன்னு சைகையில சொன்னேன். அந்தம்மா என்ன சொன்னாங்கன்னா, இல்ல இல்ல நீ தூங்குன்னு தோள்ல கைய வச்சு அழுத்துறாங்க. அவங்க பை அவங்க காலுக்கடியில, என் பை என் மடியில, கண்ணு மட்டும் மாத்தி மாத்தி. அன்னைக்கு ராத்திரி நான் நல்லா தூங்கினது அந்த 35 நிமிஷம்தான். அப்புறம் நான் முழிச்சு உக்காந்தேன், அவங்க தலைய பின்னால சாச்சு வாய திறந்துட்டு தூங்கினாங்க. சொன்ன மாதிரி அஞ்சே முக்காலுக்கு எழுப்பி விட்டு, போர்ட்ல கேட் நம்பர் மாறியிருந்தத காட்டி, டிராலியோட அனுப்பி வச்சேன். பேர் கூட கேக்கல.

அவங்க போனதும் குளிக்கப் போனேன். லவுஞ்சுக்கு உள்ள போக காசு குடுக்கறதா இருந்தா சாப்பாட்டுக்காக குடுக்காதீங்க, குளியலுக்காக குடுங்க. ஃப்ளைட்டுக்குள்ள காத்து அவ்ளோ வறண்டு இருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ போயிடும், தோல் உரியற மாதிரி ஆயிடுது. ஆனா எனக்கு அந்த குளியல் அறையில தண்ணிய விட பெரிய சந்தோஷம் எதுன்னா, தாழ்ப்பாள். உள்ள போய் தாழ்ப்பாள் போட்டேன், பைய ஒரு பக்கம் தரையில வச்சேன், வச்சுட்டு கைய எடுத்தேன். வீட்ட விட்டு, சரி, ரூம காலி பண்ணி கிளம்பினதுல இருந்து 20 மணி நேரத்துல அப்பதான் மொத தடவையா ரெண்டு கையும் காலியா இருந்துச்சு. பைய திரும்பி பாக்கவே வேணாம். சுடுதண்ணி கீழ அப்படியே நின்னேன் ரொம்ப நேரம்.

விடிஞ்சப்புறம் நேரம் ஓடிருச்சு. காலி பாட்டில் கொண்டு போயிருந்தேன், 2006ல இருந்து 100 மில்லிக்கு மேல தண்ணி செக்யூரிட்டி தாண்ட விடாத ஏர்போர்ட்தான் அதிகம், காலி பாட்டில்னா எங்கயும் விடுவாங்க, உள்ள போய் ரொப்பிக்கலாம். டெர்மினல் இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் மூணு தடவ நடந்தேன். நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து பயணம் பண்ணா ரத்தக்குழாய்ல ரத்தம் உறையற ஆபத்து சுமார் ரெண்டு மடங்கு ஆகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007லயே சொல்லியிருக்கு, நான் வந்தது ஒன்பது மணி நேரம், இனி போறது அதுக்கும் மேல, அதனால நடக்கறத விடவே கூடாதுன்னு வச்சிருந்தேன். நடக்கறப்ப வழியெல்லாம் டியூட்டி ஃப்ரீ. இந்த கடையே காத்திருக்கறவங்களால வந்ததுதான், அயர்லாந்துல ஷானன் ஏர்போர்ட்ல அட்லான்டிக் கடலைத் தாண்டற ஃப்ளைட் எல்லாம் எண்ணெய் போட இறங்கும், அந்த நேரத்துல சும்மா நின்னுட்டு இருந்த பயணிகளுக்காக 1947ல உலகத்துலயே மொத ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீ கடைய அங்கதான் திறந்தாங்க. நான் எதுவும் வாங்கல, பைல இடமும் இல்ல, கையில இன்னொரு பை சேர்ந்தா அதையும் பாத்துக்கணுமே.

பதினொரு மணிக்கே கேட்டுக்குப் போய் உக்காந்துட்டேன். கேட் நம்பர மூணு தடவ மூணு வேற ஸ்க்ரீன்ல பாத்துட்டுதான் போனேன். உள்ள ஏறி பைய மேல வச்சு மூடினேன், க்ளிக்னு சத்தம் கேட்டுச்சு. சீட்டுல உக்காந்து பெல்ட் போட்டு, போன எடுத்து டைமர ஆஃப் பண்ணினேன். ஃப்ளைட் கிளம்பினதே எனக்குத் தெரியாது.